தம்பி மௌனியாக இருந்த குளிர்காலம்

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளசுகளுக்கு இது தேவைப்படாது. அவர்களில் ஒருத்தி போன கிழமை தொலைபேசியில் அழைத்தாள். சுவாமியின் நினைவாக ஆக்லாந்தின் மனுகாப் பகுதியில் விழா எடுக்கிறார்களாம், மலர் ஒன்று போடுகிறார்களாம். சித்த வைத்தியத்துக்கும் உலக சமாதானத்துக்கும் சுவாமி செய்தவை பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். “அவராலை சுகம் வந்த குடும்பம் நீங்கள்தானே அன்ரி” என்றாள். மறுத்து விளக்கம் சொல்லக் களைப்பாக இருந்தது. சரி பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சுவாமி நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தமிழ்நாட்டில் இலவச வைத்தியசாலை நடத்தினார். ஏடுகளில் கிடந்த மருந்து முறைகளைப் பிரதி எடுத்து யார் கேட்டாலும் கொடுத்தார். நாடு நாடாகப் போய்ச் சண்டை வேண்டாம் என்று பேசினார். இவையெல்லாம் துண்டுப்பிரசுரங்களில் படித்தவை. நான் கண்ணால் கண்டது எண்பதுகளில் ஒரு குளிர்காலம் மட்டும். அதையும் மலருக்கு ஏற்றபடி எழுத இரண்டு நாள் முயன்று பார்த்தேன், முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் ஹென்டர்சனில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. ஆக்லாந்துக் குளிர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பனி கொட்டாது, ஆனால் எலும்புக்குள் ஈரம் இறங்கும். படுக்கையறை மூலையில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிகிற தண்ணீரை அம்மா அப்பாவின் பழைய சாரத் துணியால் துடைப்பார். மண்ணெண்ணெய் ஹீட்டரின் வாசம் போர்வை, புத்தகம், சோறு எல்லாவற்றிலும் இருந்தது. தம்பிக்கு மூக்கு ஒழுகாத நாள் கிடையாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அவனுக்கு நீலக் கம்பளியில் ஒரு குல்லா பின்னிக் கொடுத்திருந்தார். காதை மூடி, தாடைக்குக் கீழே நாடாவால் முடிகிற குல்லா. குளிருக்குப் பயந்து அம்மா அதைக் கழற்றவே மாட்டார். வீட்டுக்குள்ளும் அதுதான், நித்திரையிலும் அதுதான். பிறகு அந்தக் குல்லா எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

தம்பிக்கு நாலு வயது. அவன் கதைக்கவில்லை. ம், ஆ என்று சத்தம் வரும், கையைப் பிடித்து இழுத்து வேண்டியதைக் காட்டுவான், சிரிப்பான். அம்மா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்த வருடம் வேறு கவலைகளும் இருந்தன. ஊரில் சண்டை, அப்பாவின் வேலை, விசா. ஆனால் அம்மாவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். தன் பிள்ளை தன்னை அம்மா என்று கூப்பிட வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஆளாளுக்கு நாக்கைப் பார்த்தார்கள். நாக்குத் தடித்திருக்கு என்றார் ஒருவர், அடியில் ஒட்டியிருக்கு என்றார் இன்னொருவர். தம்பி போகிற கிண்டியில், அதுதான் பாலர் பாடசாலையில், ரீச்சர் அன்பான மனுஷி. இரண்டு மொழி கேட்டுப் பிள்ளை குழம்பிப்போயிருக்கிறான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தக் காலத்தில் படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அப்பா ஊரில் கணக்காளராக இருந்தவர். இங்கே ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் வேலை. யாராவது நிச்சயமாக ஒன்றைச் சொன்னால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற நிலையில் அவர் அப்போது இருந்தார் என்று இப்போது விளங்குகிறது.

“இண்டையிலயிருந்து இந்த வீட்டிலை தமிழ் இல்லை” என்றார் அம்மாவிடம். “பிள்ளையின்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன், விளங்குதோ?”

“எனக்கு இங்கிலிஷ் வராதே” என்றார் அம்மா.

“வராட்டிப் பேசாமல் இரும்.”

அம்மா பேசாமல் இருந்தார். அப்பா வேலைக்குப் போன பிறகாவது என்னோடு கதைத்திருக்கலாம், அதுவும் இல்லை. ஏதாவது ஒரு தமிழ்ச் சொல் பிள்ளையின் காதில் விழுந்து காரியம் கெட்டுவிடும் என்று பயம். மகனின் வாய் திறக்கவேண்டுமென்று தன் வாயைக் கட்டிக்கொண்டார். நான் பாடசாலையால் வந்தால் தட்டைக் காட்டுவார், குளிக்கச் சொல்லித் துவாயை நீட்டுவார். எனக்கு ஒன்பது வயது. எனக்கு அம்மா இருந்தார், அவரின் குரல் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் சுவாமி வந்தார். அவரை அழைத்தவர் மலேசிய அன்ரி. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பெரிய வீடு அவருக்கு. தமிழர் யார் வந்து இறங்கினாலும் முதல் சோறு அவர் கையால்தான். அணுக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வேண்டாம் என்று நாடே கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. சமாதானச் சின்னம் குத்திய வெள்ளைக்காரப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தார்கள். இந்த நேரத்தில் நம் சுவாமி வந்து இரண்டு வார்த்தை சொன்னால் உலகமே கேட்கும் என்று அன்ரி நம்பினார். ஒனிஹங்காவில் ஒரு மண்டபம் எடுத்து, கூட்டத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.

விமான நிலையத்தில் சுவாமியின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள், வேர், பட்டை, இலை, விதை ஒன்றும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். சட்டம் அப்படி. அந்தப் பெரிய வைத்தியர் வெறும் பெட்டியோடு வெளியே வந்தார். அன்ரி அழுதே விட்டார். சுவாமி ஒல்லியான மனிதர், சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இராது.

“எதுக்கும்மா அழற? இந்த ஊர்ல இஞ்சி கெடைக்குமில்ல? தேன் கெடைக்குமில்ல?” என்றார்.

இஞ்சி கிடைத்தது. ஆனால் சுக்குக்கு வெயில் வேண்டும். அந்த மாதத்தில் ஹென்டர்சனில் வெயிலுக்கு எங்கே போவது? சுவாமி வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிற அலுமாரியைக் கண்டுபிடித்தார். நாம் எல்லோரும் உள்ளாடை காயப்போடுகிற அதே அலுமாரிதான். அதற்குள் தட்டுத் தட்டாக இஞ்சி பரப்பினார். ஒரு கிழமையில் சுக்கு. பிறகு ஹென்டர்சன் பக்கத்துத் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அதே கதை. என் பாடசாலைச் சட்டையில் இஞ்சி மணக்கிறதென்று பக்கத்திலிருந்த பிள்ளை கதிரையை இழுத்துத் தள்ளி இருந்தது. சித்த வைத்தியத்துக்கு ஆக்லாந்தில் அவர் செய்ததைக் கேட்டால், என் அறிவுக்கு எட்டியவரை அந்த அலுமாரிதான்.

தம்பியை அம்மா முதல் நாளே கொண்டுபோனார். சுவாமி நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சைகை காட்டினார், நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்.

“நாக்குல குறையே இல்ல. கபம்தான் ஜாஸ்தி” என்றார். சுக்குப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். தம்பி அதைத் தேனோடு துப்பினான். கபம் என்று சொன்னவர் அதிலேயே இன்னும் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். அவருக்குப் பின்னால் வாசல்வரை ஆட்கள் இருந்தார்கள்.

ஒவ்வொரு மாலையும் அன்ரியின் ஹோலில் மௌன வழிபாடு. தொடங்கமுன் சுவாமி ஒரே வாக்கியம் சொல்வார்: “மௌனம் கலக நாஸ்தி.” பேசாமல் இருந்தால் கலகம் இல்லை. வீட்டுக்கும் அதுதான் மருந்து, உலகத்துக்கும் அதுதான் மருந்து என்பார். ஒரு நாள் அப்பா பின்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னார்.

“நாங்களும் கனகாலம் மௌனமாத்தான் இருந்தனாங்கள் சுவாமி. கலகம் எங்களைத் தேடி வந்தது.”

சுவாமி பின்வரிசைப் பக்கம் திரும்பினார். அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டில் ஒருத்தியின் வாயைக் கட்டிவைத்துவிட்டு இதைச் சொல்கிறோம் என்பது அப்பாவுக்கு அப்போது தோன்றியிருக்காது.

மௌனத்தில் மற்றப் பிள்ளைகள் நெளிவோம், கிள்ளுவோம், சிரிப்பை அடக்கி மூக்கால் சத்தம் விடுவோம். தம்பி மட்டும் அம்மாவின் பக்கத்தில் சம்மணமிட்டுக் கண்ணை மூடி அசையாமல் இருப்பான். அம்மா அவன் இமையைத் தொட்டால் கண்ணை மூடவேண்டும், தோளைத் தொட்டால் திறக்கலாம். அது அவர்கள் இருவருக்குமான விளையாட்டு. ஒரு நாள் நடுவில் தொலைபேசி அடித்தது. எல்லோரும் திரும்பினோம், சுவாமிகூடக் கண் திறந்தார். தம்பி திறக்கவில்லை.

அன்ரிதான் முதலில் சொன்னார். “பார்த்தீங்களா சுவாமி? இது சாதாரணப் புள்ள இல்லலா. போன பிறவி தவம்.”

சுவாமி தம்பியின் தலையில், அந்த நீலக் குல்லாவின் மேல், கைவைத்தார். “மௌனியா பொறந்திருக்கான்” என்றார்.

அவ்வளவுதான், பட்டம் கட்டியாயிற்று. ஊமை என்று மறைவில் கதைத்த வாயெல்லாம் மௌனச்சாமி என்று கூப்பிடத் தொடங்கியது. ஆட்கள் அவன் காலடியில் தோடம்பழம் வைத்தார்கள். சமாதானக் கூட்டத்தில் சுவாமியின் பக்கத்தில் அவனை மேடையில் இருத்துவதென்று முடிவானது. அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படி நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா அன்ரியின் குசினியில் பாத்திரம் துடைத்தபடி சொன்னது எனக்குக் கேட்டது. அந்தக் குசினியில் மட்டும்தான் அவர் தமிழ் கதைப்பார்.

“அக்கா, அவன் மௌனியா இருக்கட்டும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஒருக்கா என்னை அம்மா எண்டு கூப்பிட்டிட்டுப் பிறகு இருக்கட்டும்.”

“பெரிய பாக்கியம் தங்கச்சி. அழக்கூடாது” என்றார் அன்ரி.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. நம் ஆட்கள் முன்னால், வெள்ளைக்காரர்கள் பின்னால், ஈரக் கோட்டு வாசமும் மல்லிகை ஊதுபத்தியுமாக மூச்சடைத்தது. தம்பிக்குச் சின்ன வேட்டி கட்டி, குல்லாவைக் கழற்றி, திருநீறு பூசி மேடையில் இருத்தினார்கள். அம்மா முதல் வரிசையில், என் பக்கத்தில். சுவாமி தமிழில் பேச அன்ரி ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். நன்றாகவே சொன்னார். பிறகு மௌனம். மேடைக்கு ஏறமுன் அம்மா தம்பியின் இமையைத் தொட்டுவிட்டிருந்தார். அவனும் அதன்படி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

நேரம் முடிந்ததும் சுவாமி சின்ன மணியை ஆட்டினார். எல்லோரும் கண் திறந்தோம். தம்பி திறக்கவில்லை. மண்டபத்தில் ஆகா என்று ஒரு மூச்சு எழுந்தது. சுவாமி மீண்டும் மணியை ஆட்டினார். பிறகு குனிந்து “தம்பி” என்றார். பின்பக்கமாகப் போய் நின்று இன்னொரு தடவை “தம்பி, போதும்பா” என்றார். அவன் அசையவில்லை. வழமையில் அம்மாவின் கைதான் தோளைத் தொடும், அம்மாவோ கீழே இருந்தார். சுவாமியின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். பக்கத்தில் முட்டுக்காலிட்டு அவன் தோளில் கைவைத்தார். தம்பி கண்ணைத் திறந்து, சுவாமியைப் பார்க்காமல், கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினான்.

சுவாமி எழும்பவில்லை. அப்படியே முட்டுக்காலில் இருந்தபடி மைக்கைக் கேட்டு வாங்கிப் பேசினார்.

“நான் தப்பு பண்ணிட்டேன். இந்தப் புள்ளை மௌனி இல்ல. இவனுக்குக் காது கேக்கல. காது கேக்காம இருக்கிறத நான் அமைதின்னு சொல்லிட்டேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்.”

பிறகு அன்ரியைப் பார்த்தார், மொழிபெயர்ப்புக்காக. அன்ரி பின்வரிசையில் இருந்த அத்தனை வெள்ளை முகங்களையும் பார்த்தார். இந்தக் குழந்தை ஆழ்ந்த அமைதியில் இருக்கிறது, இந்த அமைதிதான் இன்று உலகத்துக்கு வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். முன்னால் இருந்த நாங்கள் தட்டவில்லை. சுவாமிக்கு ஆங்கிலம் வராது. தன் தப்பை இந்த ஊர்ச் சனங்கள் இவ்வளவு பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிறார்களே என்று நினைத்திருப்பார் போல, கைகூப்பி அழுதார்.

அன்ரியை நான் திட்டமாட்டேன். மாதக்கணக்காக ஓடி ஓடிச் செய்த கூட்டம், அது கண்முன்னால் சரிவதைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆனால் உலக சமாதானத்துக்காக அந்த மேடையில் சொல்லப்பட்ட ஒரே உண்மையான பேச்சு அன்றைக்கு முன்வரிசையைத் தாண்டவில்லை.

சுவாமி இறங்கி நேரே அம்மாவிடம் வந்தார்.

“ஆஸ்பத்திரியில காதைப் பாக்கச் சொல்லும்மா. இங்க நல்லாப் பாப்பாங்க. என்கிட்ட இதுக்கு மருந்து இல்ல.”

“கேட்டால் கதைப்பானோ சுவாமி?”

“தெரியலம்மா. நீ பேசிப் பேசித்தான் வரணும்.”

“என்னைக் கதைக்க வேண்டாமெண்டு சொல்லியிருக்கு.”

“யாரு சொன்னா?”

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவாமிக்கு விளங்கியிருக்கவேண்டும். மேலே ஒன்றும் கேட்காமல் அப்பாவின் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போனார்.

காரில் ஏறியதும் அம்மா தொடங்கினார். “மழை பெய்யுது. லைற் எரியுது. அங்கை பார், ரெயில் போகுது.” தம்பிக்குக் கேட்காது என்று தெரிந்தும் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வழி நெடுகச் சொன்னார். அப்பா ஆங்கிலத்தில் ஏதோ சொல்லப் போனார்.

“நீங்கள் பேசாமல் காரை ஓடுங்கோ” என்றார் அம்மா. அவர் அப்பாவிடம் அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மிச்சம் எல்லாம் சாதாரணக் கதை. டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் சளி பசை மாதிரி இறுகிப்போயிருக்கிறது என்றார். இங்கே ஈர வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு வருவதுதானாம். செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்து அதை வடியவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் கழிப்பறைத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அலறினான். கேத்தில் கொதித்தால் மேசைக்கு அடியில் ஒளிந்தான். பிள்ளையைக் கெடுத்துவிட்டார்களோ என்று அம்மா பயந்தார். பேச்சு வரவில்லை. கிழமைகள் போயின, சுவாமி ஊருக்குத் திரும்பிவிட்டார், குளிரும் குறைந்தது, பேச்சு வரவில்லை. அம்மா விடாமல் கதைத்தார். வெங்காயத்தின் பெயர், கரண்டியின் பெயர், ஊரில் இருக்கிற ஆட்களின் பெயர், எல்லாம். அப்பா மட்டும் வீட்டில் ஆங்கிலத்தை விடவில்லை. விட்டால் தான் சொன்னது பிழை என்று ஆகிவிடும்.

ஒரு சனிக்கிழமை தம்பி முதல் சொல் சொன்னான். அன்றைக்கே அம்மா தொலைபேசியில் சொன்னபோது அன்ரி கேட்டார், என்ன சொன்னான் என்று. “ஓம் எண்டு சொன்னான் அக்கா” என்றார் அம்மா.

மறுபக்கம் அன்ரி விம்முவது எனக்கே கேட்டது. “பிரணவம்மா. மொத வார்த்தையே பிரணவம். சுவாமி கைவச்ச தலை.” எங்களுக்கு ஓம் என்றால் ஆம். அவருக்கு ஆமா என்றால் ஆமா, ஓம் என்றால் மந்திரம். “இல்லை அக்கா, புட்டு...” என்று அம்மா சொல்லி முடிக்கமுன் அவர் விளக்கேற்றப் போய்விட்டார். ஊமைப் பிள்ளை பிரணவம் சொன்ன கதை அன்று கிளம்பியது. இந்த நாட்டைச் சுற்றி, கோலாலம்பூர் போய், தமிழ்நாடு போய், இப்போது மலரிலும் வரப்போகிறது. நான் எழுதாவிட்டாலும் வரும்.

நடந்தது இதுதான். அம்மா தேங்காய்ப்பூப் போட்ட கோதுமை மாப் புட்டை எங்களுக்குப் போட்டுவிட்டு, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியோடு நின்றபடி, “இன்னும் வேணுமோ?” என்று கேட்டார். என் வாய் நிறையப் புட்டு. “ஓம்” என்று ஒரு குரல் கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார், பிறகு இரண்டு பேரும் அவனைப் பார்த்தோம்.

அம்மா அழவில்லை. அவன் தட்டில் புட்டைப் போட்டார், பாதி மேசையில் விழுந்தது.

“சீனி போடட்டோ?”

“ஓம்.”

“வாழைப்பழம்?”

“ஓம்.”

அம்மா கதிரையை இழுத்து அவனுக்கு முன்னால் இருந்தார். “அம்மா கதைக்கிறது கேக்குதோ ராசா?”

“ஓம்” என்றான், வாழைப்பழத்தைப் பார்த்தபடி.

அப்பா வேலைக்குப் புறப்பட்டு வாசலில் நின்றார். ஜேர்சியைத் தலைக்கு மேலால் போட்டுப் பாதியில் இருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“உன்ரை கொப்பாக்கு விசர் பிடிச்சதோ?”

“ஓம்” என்றான் தம்பி.

அப்பா தலையை வெளியே எடுக்கவில்லை. கம்பளிக்குள்ளே முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்று, அவரும் “ஓம்” என்றார்.